தாவர வகைப்பாட்டுல வேலை செய்ற இளம் ஆய்வாளர்களை கண்டுபிடிச்சு கௌரவிக்கிறது எப்படி

ஒரு சங்கத்துலயோ டிபார்ட்மென்ட்லயோ ஹெர்பேரியத்துலயோ (காய வச்ச செடிங்களை தாள்ல ஒட்டி சேத்து வைக்கிற இடம்) பொறுப்புல இருக்கீங்க, தாவரப் பரிணாமம், வகைப்பாடு இந்தப் பக்கம் வேலை செய்ற இளம் ஆய்வாளர்களுக்கு புதுசா ஒரு அவார்டு வைக்கணும், இல்ல ஏற்கனவே இருக்கிற அவார்டுக்கு சரியான ஆளைப் பாத்து நாமினேட் பண்ணணும்னு நெனைக்கிறீங்கன்னா, இது உங்களுக்காகத்தான். கமிட்டியில உக்காந்தவங்க எல்லாரும் முதல்ல கையில எடுக்கிறது பேப்பர் லிஸ்ட்டையும் இம்பாக்ட் ஃபேக்டரையும்தான். இந்தத் துறையில நல்ல ஆளுங்க கண்ணுல படாம போறதுக்கு அந்தப் பழக்கம்தான் முதல் காரணம்னு நான் உறுதியா நம்புறேன், அதனால அதுலருந்தே ஆரம்பிக்கிறேன்.

இம்பாக்ட் ஃபேக்டர்ங்கிறது ஒரு ஜர்னல்ல கடந்த 2 வருஷம் வந்த பேப்பர்களை இந்த வருஷம் எத்தனை தடவை சுட்டியிருக்காங்கன்னு பாக்குற சராசரி. ஆனா ஒரு பேரினத்தை முழுசா திருத்தி எழுதுன மோனோகிராஃபை 50 வருஷம் கழிச்சும் ஆளுங்க எடுத்துப் புரட்டுவாங்க, முதல் 2 வருஷத்துல அதை யாருமே தொட்டிருக்க மாட்டாங்க. இன்னொரு கொடுமை என்னன்னா, ஒரு சூழலியல் பேப்பர்ல 200 செடிப் பேர் இருக்கும், அந்த 200 பேரையும் யார் வெளியிட்டாங்க, எந்தப் பேப்பர்ல வந்துச்சுன்னு ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல ஒரு வரிகூட இருக்காது, அதாவது உலகமே அந்த வேலையை தினமும் பயன்படுத்துது ஆனா கணக்குல ஒண்ணுமே ஏறாது. 2012ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஆராய்ச்சி மதிப்பீடு பத்தி பேசி ஒரு பிரகடனம் உருவாக்குனாங்க, டோரான்னு சொல்லுவாங்க, ஆளை எடை போட ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டரை பயன்படுத்தாதீங்கன்னு அதுல தெளிவா இருக்கு. உங்க அவார்டு அறிவிப்புலயே அதை ஒரு வரியில போட்டுடுங்க, கமிட்டி கூட்டத்துல யாராவது "இவருக்கு எச் இண்டெக்ஸ் எவ்வளவு"ன்னு (பேப்பரையும் சுட்டுதலையும் வச்சு ஆளுக்குப் போடுற எண்) ஆரம்பிச்சா அந்த வரியைக் காட்டிடலாம்.

காலக்கணக்கும் இங்க வேற மாதிரி. 2010ல ஹெர்பேரியங்களை வச்சு பண்ண ஒரு ஆய்வுல, புதுசா பேர் வச்ச இனங்கள்ல 16 சதவீதம்தான் முதல் தடவை சேகரிச்ச 5 வருஷத்துக்குள்ள விவரிக்கப்பட்டுச்சுன்னு தெரிஞ்சுது, கிட்டத்தட்ட கால்வாசிக்கு 50 வருஷத்துக்கு மேல பழைய ஷீட்டுங்க (செடி ஒட்டுன தாள்) தேவைப்பட்டுச்சு. இன்னும் பேர் வைக்காத இனங்கள்ல பாதிக்கு மேல ஏற்கனவே ஏதோ ஒரு அலமாரியில தூங்கிட்டிருக்குன்னும் அவங்க கணிச்சாங்க. அப்போ ஒரு இளம் ஆய்வாளர் 3 வருஷம் ஃபீல்டுக்கே போகாம அலமாரி அலமாரியா துழாவி பழைய ஷீட்டுங்களை சரி பண்ணிட்டு இருந்தார்னா அவர் சும்மா இருந்ததா அர்த்தமே கிடையாது, துறைக்கு ரொம்ப வேண்டிய வேலையை அவர்தான் பண்ணிட்டு இருந்திருக்கார்.

எங்க போய் தேடணும்

முதல்ல ஹெர்பேரியத்துக்கே போங்க, நெட்ல ஆரம்பிக்காதீங்க. ஏதாவது ஒரு கஷ்டமான குடும்பத்தை எடுத்துக்கோங்க, புல்லு, கோரை, ஆர்க்கிட் மாதிரி எல்லாரும் தொட பயப்படுற குரூப்பா இருந்தா இன்னும் நல்லது. அலமாரியைத் திறந்து ஒரு பேரினத்தோட ஃபோல்டரை வெளிய எடுத்து வச்சு ஷீட்டை ஒண்ணொண்ணா புரட்டுங்க, வலது கீழ் மூலையில மூல லேபிள் இருக்கும், அதுக்கு மேல இல்ல பக்கத்துல சின்னச் சின்னதா டிடர்மினேஷன் ஸ்லிப் ஒட்டியிருக்கும், அந்தச் செடியை யார் எந்த வருஷம் என்ன பேர்னு உறுதி பண்ணாங்கன்னு. பழைய ஸ்லிப்ல ஒரு பேர், அதுக்கு மேல 40 வருஷம் கழிச்சு இன்னொரு பேர், அப்புறம் திடீர்னு போன 3, 4 வருஷத்துல ஒரே கையெழுத்துல வரிசையா ஸ்லிப்புங்க, அதுல சிலதுல "கேசரம் எண்ணிப் பார்த்தது, அடி வட்டத்துல 5 மட்டும்" அப்படின்னு ஒரு குறிப்பு வேற. அந்தக் கையெழுத்து யாரோடதுன்னு கியூரேட்டர்கிட்ட கேளுங்க. பெரும்பாலும் யாருக்கும் தெரியாத ஒரு ஸ்காலர் பேரைத்தான் சொல்லுவாங்க, உங்க நாமினேஷன் லிஸ்ட்ல முதல் பேர் அதுவா இருக்கட்டும்.

கியூரேட்டர், மவுண்ட் பண்றவங்க, ஷீட் ஸ்கேன் பண்றவங்க இவங்ககிட்ட கேக்குறது ரொம்ப முக்கியம், கைடுங்ககிட்ட மட்டும் கேட்டா அவங்கவங்க ஸ்டூடன்ட் பேர்தான் வரும். கடன் வாங்குன ஷீட்டை யார் ஒழுங்கா திருப்பி அனுப்புறாங்க, யார் பூவைப் பிச்சுப் பாத்துட்டு அந்தத் துண்டை கவர்ல போட்டு ஷீட்லயே ஒட்டி வைக்கிறாங்க, யார் தப்பா அடுக்குனதைப் பாத்தா சொல்லாமலே சரி பண்ணிட்டுப் போறாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

அதுக்கப்புறம் நெட்டுக்கு வரலாம். பயோனோமியான்னு ஒரு தளம் இருக்கு, ஜிபிஃப்ங்கிற உலகளாவிய உயிரினத் தரவுத் தளத்துல ஏத்தியிருக்கிற ஸ்பெசிமன் டேட்டாவை எடுத்து அதை யார் சேகரிச்சாங்க, யார் பேர் உறுதி பண்ணாங்கன்னு ஆர்கிட் (ORCID) ஐடியோட, அதாவது ஆய்வாளர்களுக்குன்னு இருக்கிற தனி அடையாள எண்ணோட இணைக்கும், ஒருத்தர் சேகரிச்ச ஷீட்டுங்க அப்புறம் எந்தெந்த ஆய்வுல பயன்பட்டுச்சுன்னுகூட அதுல பாக்கலாம். பேப்பர் லிஸ்ட் சின்னதா இருக்கிற ஒருத்தர் சேகரிச்ச ஷீட்டுங்க பத்து ஊர் ஆய்வாளர்களோட பேப்பர்ல போய் நிக்கிறதை கமிட்டிக்கு காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. உங்க ஸ்காலர்களுக்கு இன்னும் ஆர்கிட் ஐடி இல்லன்னா இன்னைக்கே போடச் சொல்லுங்க, லேபிள்ல பேரை எப்பவும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்க, ஒரு தடவை இனிஷியலோட, ஒரு தடவை இனிஷியல் இல்லாமன்னு எழுதுனா பின்னாடி இணைக்கிறது பெரிய தலைவலி. தாவரப் பேர்களுக்கு ஐபிஎன்ஐ (IPNI)ன்னு ஒரு பட்டியல் தளம் இருக்கு, அதுல ஆசிரியர் பேரைப் போட்டு தேடுனா அவர் இதுவரைக்கும் என்னென்ன பேர் வெளியிட்டிருக்கார்னு வந்துரும். ஆனா எண்ணிக்கையை மட்டும் பாத்து ஏமாறாதீங்க, 20 புது இனம் வெளியிட்டவரை விட, தேவையில்லாம வச்ச 20 செடிப் பேரை ஒரே இனம்தான்னு ஆதாரத்தோட காட்டி அடக்குனவர் பல சமயம் பெரிய வேலை பண்ணியிருப்பார், அது கைதட்டல் வாங்காத வேலை, அதனாலேயே நீங்க தேடிப் போய் பாக்கணும்.

பரிணாமம், ஃபைலோஜெனி (இனங்களுக்குள்ள இருக்கிற பரிணாம உறவு) பக்கம் பிரச்சனை அப்படியே தலைகீழா இருக்கும், அங்க பேப்பர் பெருசு, ஆளு காணாம போயிருவார். 2024ல நேச்சர் ஜர்னல்ல வந்த பூக்கும் தாவரங்களோட பரிணாம மரத்தை எடுத்துக்கோங்க, 9,500க்கு மேல இனங்கள், 353 ஜீன்களை குறிவச்சு எடுத்த டேட்டா, கிட்டத்தட்ட 200 வருஷப் பழைய ஷீட்லருந்துகூட டிஎன்ஏ எடுத்திருக்காங்க, ஆசிரியர்கள் மட்டும் 250 பேருக்கு மேல. இந்த மாதிரி பேப்பர்ல நடுவுல எங்கயோ இருக்கிற ஒரு பேர் வெறும் பேரா, இல்ல டேட்டாவை அலசுற அந்த மொத்த பைப்லைனையும் எழுதுன ஆளான்னு வெளியிலருந்து பாத்தா தெரியவே தெரியாது. பங்களிப்புக் குறிப்பைப் படிங்க, கிரெடிட்னு 14 வகையா பிரிச்சு யார் சாஃப்ட்வேர், யார் டேட்டா, யார் எழுதுனாங்கன்னு பல ஜர்னல்ல போடுறாங்க, அதுவும் போதலன்னா நேரா அந்த ஆளுக்கே எழுதி "இதுல நீங்க பண்ணது என்ன"ன்னு ஒரு பத்தி கேளுங்க. நாமினேஷன் ஃபார்ம்லயே அந்தக் கேள்வியை வச்சிட்டா இன்னும் சுலபம்.

இளம்னா யாரு

வயசு வச்சு கோடு போடாதீங்க, 35க்குக் கீழ, 40க்குக் கீழன்னு வச்சா லேட்டா படிக்க வந்தவங்க, குழந்தை வளர்க்க வீட்ல இருந்தவங்க, வேலை பாத்துக்கிட்டே முனைவர் பட்டம் முடிச்சவங்க எல்லாரும் வெளிய நிப்பாங்க. பட்டம் வாங்குனதுலருந்து எத்தனை வருஷம்னு கணக்கு வச்சு அதுல இடைவெளியைக் கழிச்சிடுங்க. நியூ ஃபைட்டாலஜிஸ்ட் ஃபவுண்டேஷன் குடுக்கிற டான்ஸ்லி மெடல் இப்படித்தான், பட்டத்துக்கு அப்புறம் 5 வருஷம் வரைக்கும், இடைவெளி சேராது. அமெரிக்கத் தாவர வகைப்பாட்டியலாளர் சங்கத்தோட கூலி அவார்டும் ஸ்டூடன்ட்டுங்களுக்கும் பட்டம் முடிச்சு 5 வருஷத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கும்தான். ஆனா வகைப்பாட்டுக்குன்னு தனியா வைக்கிற அவார்டுன்னா 5 வருஷம் பத்தாது, 7 இல்ல 8ன்னு வைங்கன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா பெர்மிட் கிடைக்கவே ஒரு வருஷம் ஓடிரும், பூக்குற சீசனைத் தவறவிட்டா இன்னொரு வருஷம், சில மூங்கில்லாம் பூக்குறதுக்கே பல பத்து வருஷம் ஆகும்.

பட்டமே இல்லாதவங்களை என்ன பண்றதுன்னும் முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. ஃபீல்டு அசிஸ்டென்ட்டா சேந்து ஒரு குரூப்பையே கரைச்சுக் குடிச்சவங்க இந்தத் துறையில நெறைய பேர், பட்டம் கட்டாயம்னு ஒரு வரி போட்டா அத்தனை பேரும் ஒரே அடியில காலி. "பட்டம் அல்லது துறையில முதல் வெளியீடு வந்த நாள்லருந்து"ன்னு எழுதிட்டா போதும்.

எதுக்குக் குடுக்கிறோம்

தீசிஸுக்கா, கருத்தரங்குல குடுக்கிற ஒரு டாக்குக்கா, மொத்த வேலைக்கான்னு முதல்லயே தெளிவா இருக்கணும், மூணையும் ஒரே அவார்டுல கலந்தா கமிட்டியில சண்டைதான் வரும். லண்டன் லின்னேயன் சொசைட்டி ஐரீன் மாண்டன் பேர்ல ஒரு வருஷத்தோட சிறந்த தாவரவியல் தீசிஸுக்கு பரிசு குடுக்குது, பெரணிகளோட குரோமோசோம்களை வச்சு பரிணாமத்தை ஆராய்ஞ்சவங்க அவங்க, அந்த சொசைட்டிக்கே முதல் பெண் தலைவர். தீசிஸ் அவார்டோட நல்ல விஷயம், பேப்பரா உடையாத வேலையும் உள்ள வரும், 300 பக்க ரிவிஷனை ஜர்னல்காரங்க வாங்க மாட்டாங்க ஆனா தீசிஸா அது முழுசா இருக்கும். டாக்குக்குக் குடுக்கிறதுக்கு வகைப்பாட்டு உயிரியலாளர் சங்கத்தோட (Society of Systematic Biologists) எர்ன்ஸ்ட் மேயர் அவார்டு மாதிரி ஸ்டூடன்ட் அவார்டுங்க இருக்கு, இது சுறுசுறுப்பா நடக்கும், அன்னைக்கே முடிவு தெரிஞ்சிரும், ஆனா மேடையில நல்லா பேசறவங்களுக்கு சாதகமா போயிரும், அதனால டாக் அவார்டு வச்சா அதோட போஸ்டர் அவார்டும் வைங்க, ஆங்கிலம் சரளமா வராததுக்கு மார்க் குறைக்கக் கூடாதுன்னு ஜட்ஜுங்ககிட்ட வாய்விட்டு சொல்லிடுங்க.

பணம் பத்தி. ஒரு பெரிய பரிசை விட நாலு சின்ன பரிசு நல்லதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன், காரணம் இருக்கு. நெதர்லாந்துல இளம் ஆய்வாளர்களுக்குக் குடுக்கிற ஒரு நிதியை வச்சு 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, கோட்டுக்கு கொஞ்சம் மேல வந்து ஜெயிச்சவங்களையும் கொஞ்சம் கீழ நின்னு தோத்தவங்களையும் ஒப்பிட்டாங்க, ரெண்டு பேரும் தரத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா அடுத்த 8 வருஷத்துல ஜெயிச்சவங்களுக்கு ரெண்டு மடங்குக்கு மேல நிதி சேந்துச்சு. அதுக்கு ஒரு காரணம், தோத்தவங்க அதுக்கப்புறம் அப்ளை பண்றதையே குறைச்சுக்கிட்டாங்க. ஆரம்பத்துல கிடைக்கிற ஒரு சின்ன அங்கீகாரம் இவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போகும்னா, அதை ஒரே ஆள் தலையில கொட்டாம பரப்பிக் குடுக்கிறதுதான் நியாயம். அதுலயும் கேடயம், சால்வைக்கு செலவு பண்ற காசை ஒரு ஹெர்பேரியம் போய் வர்ற செலவாவோ சீக்வென்சிங் செலவாவோ குடுங்க, டைப் ஷீட்டை (ஒரு செடிப் பேருக்கு ஆதாரமா நிக்கிற மூல ஷீட்) நேர்ல பாக்க ஒரு வாரம் கிடைச்சா அவங்க வேலை ஒரு படி ஏறிடும். பன்னாட்டு தாவர வகைப்பாட்டியல் சங்கமான ஐஏபிடி சின்ன ஆய்வு நிதிகள் குடுக்கிறதும் இந்த எண்ணத்துலதான். ஒண்ணு மட்டும், முன்பணமா குடுங்க, செலவு பண்ணிட்டு பில் அனுப்புன்னு சொன்னா கையில காசு இல்லாத ஸ்காலர் அவார்டு வாங்கியும் போக முடியாம உக்காந்திருப்பார்.

நாமினேஷன் லெட்டர் எழுதறது

நல்ல ஆளுங்க தோக்குறது அதிகமா இங்கதான். "மிகவும் கடின உழைப்பாளி, பணிவானவர், ஃபீல்டு வேலையில ஆர்வம் உள்ளவர்"னு எழுதுனா படிக்கிறவங்களுக்கு ஒண்ணுமே கிடைக்காது, அதே லெட்டரை யாருக்கு வேணா அனுப்பலாம். அவங்க வர்றதுக்கு முன்னாடி அந்தக் குரூப் எப்படி இருந்துச்சு, இப்போ எப்படி இருக்கு, இதை எழுதுங்க. ஒரு மாதிரிக்கு சொல்றேன்: "இந்தப் பேரினத்துல புழக்கத்துல 31 செடிப் பேர் இருந்துச்சு, பாதிக்கு டைப் எங்க இருக்குன்னே தெரியாது, பழைய கீ (செடியை அடையாளம் காண உதவுற கேள்வி வரிசை) பழம் இல்லாம வேலை செய்யாது. இவங்க 5 ஹெர்பேரியத்துல தேடி 12 டைப்பை கண்டுபிடிச்சாங்க, 4 செடிப் பேருக்கு லெக்டோடைப் நிர்ணயிச்சாங்க, இப்போ 19 இனம்னு நிக்குது, இலையையும் தண்டையும் மட்டும் வச்சே கீ ஓடுது, வனத்துறை ஆளுங்க அதை ஃபீல்டுல பயன்படுத்துறாங்க." இதைப் படிச்ச ஒரு ஜீன் ஆளுக்கும் வேலையோட கனம் புரியும். லெக்டோடைப்னா என்னன்னு (மூல ஆசிரியர் டைப் குறிக்காம விட்டிருந்தா பின்னாடி தேர்ந்தெடுக்கிற டைப்) தெரியாத ஆள் கமிட்டியில இருப்பாங்க, ஒரு வரியில விளக்கிடுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

பெண்களுக்கு லெட்டர் எழுதும்போது எழுதி முடிச்சிட்டு ஒரு தடவை நிதானமா திரும்பப் படிங்க. புவி அறிவியல்ல 54 நாட்டுலருந்து வந்த 1,224 சிபாரிசு லெட்டர்களை வச்சு 2016ல ஒரு ஆய்வு பண்ணாங்க, "நல்லவர்"ங்கிற தரத்தைத் தாண்டி "அபாரம்"ங்கிற தரத்துல லெட்டர் கிடைக்கிற வாய்ப்பு பெண்களுக்கு ஆண்களோட பாதிதான்னு வந்துச்சு, எழுதுனது ஆணோ பெண்ணோ ரெண்டு பேரும் அப்படித்தான். "பொறுமைசாலி", "எல்லார்கிட்டயும் நல்லா பழகுவாங்க" இந்த மாதிரி வார்த்தைங்களை எடுத்துட்டு அந்த இடத்துல அவங்க கண்டுபிடிச்சது என்னன்னு வைங்க. அதோட தானே நாமினேட் பண்ணிக்கிற வசதி கட்டாயம் வேணும், கைடு கூட ஒத்துப்போகாத ஸ்காலருக்கு வேற வழியே கிடையாது.

கமிட்டியில ஒரு ஆளாவது பழைய பாணியில ஷீட்டு பாக்குறவரா, ஒரு ஆளாவது ஜீனோம் பக்கத்து ஆளா, ஒரு ஆளாவது அவங்களே இளம் ஆய்வாளரா இருக்கட்டும். கைடு, கூட பேப்பர் எழுதுனவங்க அந்தப் பேர் வரும்போது வெளிய போயிடணும். எல்லாரும் தனித்தனியா மார்க் போட்டு அனுப்பிட்டு அதுக்கப்புறம் கூடிப் பேசுங்க, முதல்லயே பேச ஆரம்பிச்சா சீனியர் சொல்றதுதான் முடிவு. நாமினேட் ஆன ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலையைத்தான் முழுசா படிக்கணும்னு வைங்க, அவங்களே குடுக்கிற ஒரே ஒரு சிறந்த வேலை, அதை நெஜமாவே படிங்க.

அவார்டே இல்லாம பண்ணக் கூடியது

இதைத்தான் ரொம்பப் பேர் மறந்துடறாங்க. புது இனத்தை ஸ்டூடன்ட் கண்டுபிடிச்சு விவரிச்சிருந்தா அந்தப் பேருக்குப் பின்னாடி ஆசிரியரா அந்த ஸ்டூடன்ட் பேர் வரணும். பேப்பர்ல 8 பேர் இருந்தாலும் செடிப் பேருக்கு ஆசிரியரா 2 பேரை மட்டும் வைக்க பெயரிடல் விதி இடம் குடுக்குது, பேரும் விவரணமும் யாரோடதுன்னு பேப்பர்லயே தெளிவா குறிச்சா போதும். எல்லாரையும் சேத்து எட்டுப் பேரை ஒரு சின்னச் செடி பேருக்குப் பின்னாடி தொங்க விடறதும் சரியில்ல, வேலை பண்ண ஸ்காலரை விட்டுட்டு கைடு பேரை மட்டும் வைக்கிறது அதை விட மோசம். அந்தப் பேரை யார் எங்க எழுதுனாலும் ஆசிரியர் பேரும் கூடவே போகும், எந்தப் பதக்கமும் அவ்வளவு நாள் நிக்காது.

செடிக்கே அவங்க பேரை வைக்கிறதும் உண்டு. சேகரிச்சவரோட சம்மதம் கேளுங்க, அவர் எந்தப் பேரை விரும்புறார்னு கேளுங்க, லத்தீன் விகுதி ஆணுக்கு, பெண்ணுக்கு, ஒருத்தருக்கு மேலன்னா மாறும், அதையும் தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டி சரி பாருங்க. ஆனா ஆசிரியரா சேக்க வேண்டிய ஆளை சேக்காம விட்டுட்டு அதுக்குப் பதிலா செடிக்கு அவர் பேரை வச்சு சரிக்கட்டுற வேலை வேண்டாம்.

அப்புறம் அடுத்த கருத்தரங்குல ஒரு அமர்வை நடத்துற பொறுப்பை ஒரு போஸ்ட்டாக்கிட்ட (பட்டம் முடிச்சு ஆய்வு பண்றவர்) குடுங்க, ஃப்ளோராவுல (ஒரு பகுதியோட செடிங்களைத் தொகுக்கிற நூல்) ஒரு பேரினத்தை எழுத அவங்களைக் கேளுங்க, அவங்க குரூப்ல சந்தேகம் வந்த ஷீட்டுங்களை பாக்கச் சொல்லி அனுப்புங்க. ஸ்கேன் பண்ணி டேட்டாபேஸ்ல ஏத்தும்போது டிடர்மினேஷன் ஸ்லிப்ல இருக்கிற பேரையும் வருஷத்தையும் விடாம டைப் பண்ணச் சொல்லுங்க, அது விட்டுப் போச்சுன்னா மேல சொன்ன பயோனோமியால அவங்க வேலை தெரியவே தெரியாது.

முடிவு வந்ததுக்கு அப்புறம்

அறிவிப்புல பேரும் ஃபோட்டோவும் மட்டும் போடாம அவங்க வேலையைப் பத்தி ஒரு முழுப் பத்தி எழுதுங்க, அடுத்த வேலைக்கு அப்ளை பண்ணும்போது அந்தப் பத்தியை அவங்க அப்படியே எடுத்து வைப்பாங்க. சங்கத்தோட இதழ்லயும் அச்சுல வரட்டும். கிடைக்காதவங்களுக்கும் ஒரு மெயில் போகணும், ஒரே மாதிரி நன்றி மெயில் வேண்டாம், அவங்க வேலையில கமிட்டிக்குப் பிடிச்சது இது, லெட்டர்ல தெளிவில்லாம இருந்தது இது, இன்னும் தகுதிக் காலம் இருக்கு அடுத்த தடவை திரும்ப அனுப்புங்கன்னு நாலு வரி, கமிட்டிக்கு ஒரு சாயங்காலம் வேலைதான் இது. போன வருஷம் கடைசி சுத்து வரைக்கும் வந்தவங்க நாமினேஷனை அவங்க ஆட்சேபிக்கலன்னா அடுத்த வருஷத்துக்கும் தானாவே எடுத்துக்கோங்க, புதுசா வந்த பேப்பர், ஸ்பெசிமன் விவரத்தை மட்டும் சேத்து அனுப்பச் சொல்லுங்க.